நஞ்சுண்டன் வீட்டு மாடிப்படி லைட்டு

நஞ்சுண்டன் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்ததாகச் சூலூர்ப் பக்கத்தில் யாராவது சொன்னால் அது கலப்படமில்லாத பொய். சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்துபோய் வாசல் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுகிற மனிதர். சின்ன வயதில் நூல் மில்லில் சேர்ந்து, மேஸ்திரியாகி, ஓடுகிற மிசின்களுக்கு நடுவே அறுந்த இழையைத் தேடி நடந்தே ஆயுசில் பெரும்பகுதியைக் கழித்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மில்லில் ஆட்குறைப்பு வந்தது. மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை நின்றது, கால் நிற்கவில்லை. அறுந்த இழைக்குப் பதிலாக வீட்டில் தேடுவதற்கு அவருக்கு வேறொன்று கிடைத்தது. ஆளில்லாத அறையில் எரிகிற லைட்டு, சுற்றுகிற ஃபேன்.

அதைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மனைவி சுப்பாத்தாள் அடுப்படியிலிருந்து புழக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுப்படி இருண்டு கிடக்கும்.

"ஏனுங்க, மனுசி ஒருத்தி இங்க வேல செஞ்சுக்கிட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியுதுங்களா இல்லீங்களா?" என்று அவள் இருட்டில் நின்று கத்துவாள்.

"வெளிய போறவ நிறுத்திப்போட்டுப் போகோணும்" என்று பதில் ஹாலிலிருந்து வரும். அதற்குள் அவர் அங்கே ஒரு ஃபேனை நிறுத்திக்கொண்டிருப்பார்.

கரண்டு போனாலும் விடமாட்டார். திரும்பி வந்ததும் எது எரிந்து தொலைக்குமோ என்று, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய், வீட்டிலுள்ள ஸ்விட்சையெல்லாம் மேலே தள்ளிவிட்டு வருவார். மேலே இருந்தால் நின்றிருக்கிறது, கீழே இருந்தால் எரிகிறது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு நம்பிக்கை இதிலும் இருந்தது.

ஒரே மகன் கதிரேசன், கோயமுத்தூரில் மில்லுக்கு மிசின் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மிசின் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கே போய் அதைப் பூட்டி, ஓடவிட்டு வருகிற வேலை. அவனுக்குத் தொண்ணூற்றைந்தில் கல்யாணம் ஆனது. பெண் பவானிப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம், பெயர் துளசிமணி. பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தவரே நஞ்சுண்டன்தான். பெண் பார்க்கப் போன வீட்டில், எல்லாரும் வாசலுக்கு வந்த பிறகு, ஹால் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தாள் என்பதற்காகவே அவருக்கு அவளைப் பிடித்துப்போனது.

கல்யாணத்தையொட்டி வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டினார்கள். படி வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி ஏறியது. படியின் உச்சியில் ஒரு லைட்டு. அதற்கு இரண்டு ஸ்விட்சு. ஒன்று கீழே ஹாலுக்குள், மற்றொன்று மேலே அறை வாசலில். வயரிங் வேலை பார்த்த மாசாணம், முடித்த அன்று நஞ்சுண்டனை நிறுத்தி வைத்து விளக்கினான்.

"இது டூ வே ஸ்விட்சுங்க மேஸ்திரி. கீழ போட்டுட்டு மேல போய் நிறுத்திக்கலாம். ஆனா ஒண்ணுங்க, இதுக்கு மேல கீழங்கற கணக்கே கெடையாது. எரியறப்ப எந்தப் பக்கம் தட்டுனாலும் நிக்கும். நின்னிருக்கறப்ப எந்தப் பக்கம் தட்டுனாலும் எரியும்."

முதல் பாதியை நஞ்சுண்டன் கேட்டார். இரண்டாம் பாதி ஆரம்பிக்கும்போது தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் வந்தது, மோட்டாரை நிறுத்த ஓடிவிட்டார். இந்த வீட்டில் நடந்த அத்தனைக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். அது மனுசனுக்குச் சலுகை காட்டுகிற மாதிரி. நான் காட்டப்போவதில்லை.

கல்யாணமாகிச் சில மாதத்தில் கதிரேசனைக் குஜராத்துக்கு அனுப்பினார்கள். புது மில், நிறைய மிசின், திரும்ப நாளாகும் என்றார்கள். துளசிமணி மேல் அறையில் தனியாகப் படுத்தாள். கீழே இருந்தது ஓர் அறையும் ஹாலும். ஹாலில் மாமனார் படுப்பார், அறையில் மாமியார், அவள் எங்கே படுப்பாள்?

கூத்து அங்கே ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சுப்பாத்தாள் ஹாலிலிருக்கும் ஸ்விட்சைக் கீழே தள்ளுவாள், படி லைட்டு எரியும். சாப்பாடு முடிந்து துளசிமணி மாடியேறுவாள், மேல் ஸ்விட்சைத் தட்டுவாள், லைட்டு நின்றுவிடும். அதற்கப்புறம் நஞ்சுண்டன் வாசல் கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டு வந்து பார்ப்பார். ஹால் ஸ்விட்சு சுப்பாத்தாள் தள்ளினபடி கீழேயே இருக்கும். "பாரு, எரியுது. ஒருத்திக்காவது நிறுத்தோணும்னு தோணுதா?" என்று முனகிக்கொண்டு மேலே தள்ளுவார். நின்றிருந்த லைட்டு அந்தத் தள்ளலில் எரிய ஆரம்பிக்கும். ஹாலுக்குள்ளிருந்து பார்த்தால் படி தெரியாது, மேலே கதவைச் சாத்திப் படுத்தவளுக்கும் தெரியாது. அவர் திருப்தியாகப் படுத்துக்கொள்வார். லைட்டு விடிய விடிய எரியும்.

ஆமாம், ஊரில் எவன் வீட்டு லைட்டையும் எரியவிடாத மனிதர், தன் வீட்டு லைட்டைத் தினமும் தன் கையாலேயே போட்டுவிட்டுத் தூங்கினார்.

விடியுமுன் எழுந்து மாட்டைக் கறந்து, பால் சொசைட்டிக்குக் கிளம்புகிறவர் வாசலுக்கு வந்து பார்ப்பார். படி உச்சியில் லைட்டு ஜெகஜோதியாக எரியும். உள்ளே ஓடிவந்து பார்த்தால் ஹால் ஸ்விட்சு மேலே இருக்கும், அவர் தள்ளி வைத்தபடியே. அப்படியென்றால் மேலேயிருந்துதானே யாரோ போட்டிருக்க வேண்டும்?

"அம்மணி! லைட்டு எரியுதல்லோ!" என்று முதல் நாள் வாசலில் நின்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

துளசிமணி கதவைத் திறந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "நா நிறுத்திப்போட்டுத்தானுங்க மாமா படுத்தேன்."

"பொறகு எப்பிடி எரியுது?"

"தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டு மேல் ஸ்விட்சைத் தட்டி நிறுத்தினாள். அதோடு இரண்டு ஸ்விட்சும் பழைய நிலைக்கே வந்து, மறுநாள் கூத்துக்குத் தயாராகிவிட்டன. மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும் எரிந்தது.

மறந்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பார். அவளோ தினமும் அதே வார்த்தையைச் சொன்னாள், நிறுத்திப்போட்டுத்தான் படுத்தேன் என்று. அது அவருக்கு உறைத்தது. மறதியை மன்னிக்கலாம், நேரெதிரே நின்று சொல்லுகிற பொய்யை எப்படி மன்னிப்பது? சுப்பாத்தாளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஸ்விட்சின் முன்னால் நிறுத்தினார். "பாத்துக்க, உன்ற முன்னாலதான் மேல தள்ளறேன். நாளைக்கு நா பேசறப்ப நீதான் சாட்சி." சாட்சி கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தது. காலையில் லைட்டு எரிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் துளசிமணியே தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள். "மாமா, நா நிறுத்திப்போட்டுப் போனதுக்கப்புறம், நீங்க ஏதாச்சும் தெரியாம போட்டுவுடறீங்களாங்க?"

அவ்வளவுதான், மனுசனுக்குத் தலைக்கேறிவிட்டது. "நானா? நா லைட்டப் போடறவனா? ஊருல யாரை வேணா போய்க் கேளு!" என்று குதித்தார். பாவம், அந்த வீட்டில் உண்மைக்குப் பக்கத்தில் போனவள் அவள் ஒருத்திதான். போன வேகத்தில் வாயடைத்துத் திரும்பி வந்தாள்.

அப்புறம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. புரண்டு படுத்தார், எழுந்து தண்ணீர் குடித்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார். நடு ராத்திரியில் எழுந்து வந்து லைட்டைப் போடுகிறாள் என்றால் எதற்குப் போடுகிறாள்? பக்கத்தில் ராப்பகலாய் ஓடுகிற தறிப்பட்டறை. அதில் வேலை செய்கிற பையன்கள் காற்றுக்காக மதில்மேல் வந்து உட்காருவது உண்டு. நினைப்பு அங்கே போய் நின்றது. சே, என்று உதறினார். மறுபடியும் அங்கேயே போய் நின்றது. பூட்டைத் திறந்து வெளியே போய் நாலு எட்டு வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவருக்குப் பயம். போய்ப் பார்த்து, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டால், அப்புறம் பார்க்காத மாதிரி இருக்க முடியுமா? அந்தப் பயத்தில் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மனசுக்குள் வைத்திருந்தாலாவது போகட்டும். பால் சொசைட்டியில் தன்னோடு வரிசையில் நிற்கிற வெள்ளியங்கிரியிடம் ஒருநாள் காலையில் அதைக் கொட்டிவிட்டார். வெள்ளியங்கிரி, அடுத்தவர் வீட்டுக் கவலை என்றால் பால் கேனைக்கூடக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற ஆள்.

"லைட்டு எரியுதுன்னா, அது யாரு கண்ணுக்கோ தெரியறதுக்குத்தானுங்க எரியோணும்" என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "நா ஒண்ணுஞ் சொல்லலீங்க மேஸ்திரி. உங்க ஊட்டுச் சமாச்சாரம்."

ஒன்றும் சொல்லாத வெள்ளியங்கிரி அதை எத்தனை பேரிடம் ஒன்றும் சொல்லாமல் சொன்னாரோ தெரியாது. அந்த வாரத்துக்குள் பால் ஊற்ற வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நஞ்சுண்டன் வரிசைக்கு வந்தால் பேச்சு நிற்கும். கடைசியாகத் தெரிந்தது துளசிமணிக்குத்தான். இரண்டு வீடு தள்ளியிருந்த பாத்திமுத்து, மனசு கேட்காமல், தண்ணீர்க் குழாயடியில் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அம்மணி, இப்பிடியெல்லாம் பேசறாங்க. எங்கிட்டச் சொன்னவங்கள நா வஞ்சு வெரட்டித்தான் அனுப்புனேன். நீ தெரிஞ்சு வெச்சுக்க."

குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். மாமனாரையும் மாமியாரையும் கூப்பிட்டாள். அழவில்லை. கற்பூரத்துக்கு மேலே கையை நீட்டினாள்.

"நா தெனமும் லைட்ட நிறுத்திப்போட்டுத்தான் படுத்தேன். ராத்திரி எந்திரிச்சு வந்து போட்டதில்ல. இது பொய்யின்னா மாரியாத்தா என்னையக் கேக்கட்டும்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சொல்லுங்க மாமா. நீங்க போட்டதில்லீன்னு."

நஞ்சுண்டன் யோசிக்கவே இல்லை. கற்பூரத்தில் பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது என்று நடுங்குகிற பரம்பரை அவருடையது. ஆனாலும் அவர் ஏன் யோசிக்க வேண்டும்? கையை நீட்டினார். "அந்த லைட்ட நா ஒரு நாளும் போட்டதில்ல. ஆத்தா மேல சத்தியம்."

இரண்டு பேரும் சத்தியம் செய்தாயிற்று. ஒருவர் செய்தது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. சுப்பாத்தாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். துளசிமணி மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, பவானிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன அன்றிலிருந்து லைட்டு பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. மேல் ஸ்விட்சைத் தொட ஆளில்லை. சுப்பாத்தாள் கீழே தள்ளினால் எரிந்தது, நஞ்சுண்டன் மேலே தள்ளினால் நின்றது. காலையில் வந்து பார்த்தால் படி இருட்டாக இருந்தது.

"இப்ப எரியறதில்லீங்களா?" என்று பால் சொசைட்டியில் வெள்ளியங்கிரி கேட்டார். எரியவில்லை என்றார். "நா ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்று அவர் தலையை ஆட்டினார்.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நஞ்சுண்டன் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. லைட்டு நின்றிருப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் அவருக்கு, எரிந்துகொண்டிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவருக்கு அந்தப் பெண்ணின் மேல் உயிர். அவள் இல்லாத வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்குமாக அலைந்தார். கடைசியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மகனுக்குப் போன் போட்டார். "வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று அவன் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

கதிரேசன் ரயிலில் போத்தனூரில் வந்து இறங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். "காத்தால மொத பஸ்ஸுக்குப் பவானி போறேன்" என்றான். சாப்பிடாமலே எழுந்தான். சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினான். படியில் லைட்டு எரிந்துகொண்டிருந்தது, அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் போட்டது. மேல் ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட்டுப் படுத்தான். கீழே நஞ்சுண்டன் கிரில்லைப் பூட்டினார், வழக்கம்போல ஸ்விட்சை மேலே தள்ளினார்.

காலையில் வாசலுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். லைட்டு எரிந்தது.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். "ஏஞ்சாமி, ராத்திரி லைட்ட நிறுத்தலியா?"

"நிறுத்திப்போட்டுத்தானுங்கப்பா படுத்தேன்" என்றான் கதிரேசன் உள்ளேயிருந்து.

"அப்பிடியா? அப்ப வயருலதான் ஏதோ கோளாறாட்ட இருக்குது. மாசாணத்த வரச் சொல்லோணும்" என்று சொல்லிக்கொண்டே நஞ்சுண்டன் திரும்பினார்.

கீழே சாணித் தண்ணீர் வாளியோடு சுப்பாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். வாளியை வைத்தாள்.

"அந்தப் புள்ளயும் இதே வார்த்தையத்தானுங்க சொன்னா" என்றாள். "அப்ப உங்களுக்கு வயரு நெனப்பு வரலீங்களா?"

அவர் இரண்டாம் படியில் அப்படியே நின்றுவிட்டார். சாட்சியாக நின்று கொட்டாவி விட்ட சுப்பாத்தாளுக்கும் அன்றைக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்டுவிட்டு அவள்தான் முதலில் அழுதாள்.

கதிரேசனுக்கு மிசின் பூட்டுகிற கை, விசயம் பிடிபட நேரமாகவில்லை. மேல் ஸ்விட்சைத் தட்டி லைட்டை நிறுத்தி, அப்பாவை மேலே நிற்க வைத்துவிட்டு இறங்கிப்போய் ஹால் ஸ்விட்சைக் கீழே தள்ளினான். "என்னாச்சுங்கப்பா?" என்று கத்தினான். எரியுது என்றார். "இது கீழ இருக்குது, நீங்க அங்க தட்டுங்க." தட்டினார். எரிந்தது நின்றது. "இப்பத்தான் நீங்க பூட்டப் பூட்டிப்போட்டு வந்து பாக்கறீங்க. ஸ்விட்சு கீழ இருக்குது. மேல தள்ளறீங்க. தள்ளட்டுங்களா?"

தள்ளினான். நஞ்சுண்டனின் தலைக்கு மேலே லைட்டு எரிந்தது.

அவர் நம்பவில்லை. தானே கீழே போனார், தள்ளினார், ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். மேலே போனார், தட்டினார், மறுபடி கீழே போனார். மூச்சு வாங்கியது. எத்தனை தடவை செய்தாலும் லைட்டு அதே பதிலைத்தான் சொன்னது. கற்பூரத்தின் மேல் நீட்டிய கை அவருக்கு இப்போது சுட்டது. "நா... நா சத்தியம் பண்ணிப்போட்டனே சுப்பாத்தா" என்றார்.

பவானிக்குக் கதிரேசனோடு அவரும் போனார். சம்பந்தி நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். கதிரேசன் உள்ளே போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். வெகு நேரம் கழித்துத் துளசிமணி வாசற்படிக்கு வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"அது அந்த ஸ்விட்சுல ஒரு இது அம்மணி..." என்று ஆரம்பித்தார்.

"ஸ்விட்சுலயாங்க மாமா?"

"இல்ல கண்ணு. நாந்தான். நாந்தான் போட்டுப்போட்டுப் படுத்திருக்கறேன்."

"அவரு ஒருக்கா சொன்னதும் நம்பிட்டீங்களாமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். வாசலில் காயப்போட்டிருந்த மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்த ஆட்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"நா வாரேனுங்க" என்றாள் கடைசியில். "எங்க ஊடு அதுதானுங்க. ஆனா பால் சொசைட்டியில சொன்னத நீங்க பால் சொசைட்டியிலயே திருப்பிச் சொல்லோணும். நானும் கூட வருவேன்."

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. நஞ்சுண்டன் கேனோடு வந்தார். கூடவே துளசிமணி வந்தாள். பேச்சு சட்டென்று நின்றது. வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க மேஸ்திரி, மருமவ வந்தாச்சுங்களா?" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நஞ்சுண்டன் கேனைக் கீழே வைத்தார். மில்லில் அத்தனை மிசின் இரைச்சலுக்கு நடுவே ஆட்களை விரட்டிய குரல், அன்றைக்கு வெளியே வர மறுத்தது. ஒரு கால் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது, அதை இழுத்து நிறுத்தினார்.

"எங்க ஊட்டு மாடிப்படி லைட்டுங்க... அந்தப் புள்ள போடலீங்க. தெனமும் போட்டது நாந்தானுங்க. கற்பூரத்துல பொய்ச் சத்தியம் பண்ணுனதும் நாந்தான்..."

முன்னால் நின்ற நாலு பேர் கேட்டிருப்பார்கள். துளசிமணி ஓர் எட்டு முன்னால் வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாமா" என்றாள். "கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."